நூலகத்துச் சாவி யாரிடம் இருக்கிறது?

இப்போதெல்லாம் வங்கியில் வேலை பார்ப்பவனுக்கும் பருவநிலை மாற்றம் பற்றிப் பாடம் எடுக்கிறார்கள். 2022 ஜூலையில் ரிசர்வ் வங்கி இதுபற்றி ஒரு விவாத அறிக்கை வெளியிட்டது. 2024 பிப்ரவரியில், வங்கிகள் இந்த அபாயத்தைத் தங்கள் அறிக்கைகளில் எப்படிக் காட்டவேண்டும் என்று ஒரு வரைவும் வந்தது. விளைவு, என்னைப் போன்றவர்களுக்குக் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து படிக்கிற ஒரு கோர்ஸ். பனிப்பாறை உருகுகிற படம், கார்பன் பற்றிய நாலு வரைபடம், கடைசியில் கேள்விகள். பாஸானால் சர்டிபிகேட். நானும் வாங்கி வைத்திருக்கிறேன் :-)

கடன் வாங்கியவரின் கடை வெள்ளத்தில் போனால் வங்கியின் கடனும் கூடவே போகும். அதனால் எங்களுக்குப் பயிற்சி கொடுப்பது நியாயம்தான். அதே வெள்ளத்தில் போகிற நூலகத்துக்கு? அங்கே வேலை செய்கிறவர்களுக்கு யார் சொல்லிக் கொடுப்பது?

காமர்ஸ் படித்துவிட்டு லெட்ஜர் பார்க்கிறவனுக்கு நூலகத்தைப் பற்றி என்ன பேச்சு என்று நீங்கள் கேட்கலாம். இந்த ஊரில் கொஞ்ச நாள் இருந்தால் யாருக்கும் இந்தப் பேச்சு வந்துவிடும். நூலக ஊழியர்களுக்குப் பருவநிலைப் பயிற்சி கட்டாயம் வேண்டும் என்பது என் கட்சி. ஆனால் எங்களுக்குக் கொடுத்த மாதிரிப் பயிற்சி வேண்டவே வேண்டாம். ஏன் என்று சொல்கிறேன்.

கொல்கத்தாவில் காலேஜ் ஸ்ட்ரீட் பகுதியைப் 'போய் பாரா' என்பார்கள். (முதல் முறை கேட்டபோது 'போய்ப் பாருடா' என்று நம்மைத்தான் விரட்டுகிறார்களோ என்று தோன்றியது. போய் என்றால் வங்காளத்தில் புத்தகம், பாரா என்றால் பேட்டை.) 2020 மே 20 அன்று ஆம்பன் புயல் அடித்தது. மறுநாள் அந்தத் தெருவில் புத்தகங்கள் தண்ணீரில் மிதந்த படங்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அது கொரோனா ஊரடங்குக் காலம். கடைகள் பூட்டிக் கிடந்தன, ரயில் ஓடவில்லை. உள்ளே புத்தகம் ஊறிக்கொண்டிருக்கிறது என்று தெரிந்தும் கடைக்கு வந்து சேர முடியாதவர்கள் எத்தனையோ பேர்.

ஐந்து வருடம் கழித்து, 2025 செப்டம்பர் 22 இரவு தொடங்கி மறுநாள் காலைக்குள் மறுபடி. துர்கா பூஜைக்கு ஒரு வாரம்கூட இல்லை. 24 மணி நேரத்தில் 251 மில்லிமீட்டர் மழை. 1978 செப்டம்பரில் ஒரே நாளில் 369 மில்லிமீட்டர் பெய்ததை இங்கே பெரியவர்கள் இன்னும் சொல்வார்கள். ஆக இவ்வளவு மழை இந்த ஊருக்குப் புதிதில்லை. ஆனால் காற்று ஒரு டிகிரி சூடானால் சுமார் 7 விழுக்காடு கூடுதல் நீராவியைத் தாங்கும் என்பது இயற்பியல். ஒரு மாதத்தில் பெய்ய வேண்டியது ஓரிரவில் கொட்டுவது இனி அடிக்கடி நடக்கும் என்றுதான் விஞ்ஞானிகள் சொல்கிறார்கள். அன்று இந்த ஊரில் குறைந்தது 10 பேர் இறந்தார்கள், பெரும்பாலும் மின்சாரம் தாக்கி. காலேஜ் ஸ்ட்ரீட்டில் பூஜைக்கும் அதற்குப் பிறகு வரும் புத்தகக் காட்சிக்கும் அச்சடித்து வைத்திருந்தவை தண்ணீருக்குள்.

கடைக்காரர் இழந்தது பணம். அது பெரிய கஷ்டம், நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அச்சில் இருக்கிற புத்தகத்தை மறுபடி அடிக்கலாம். நூலகத்தில் இருப்பதை எங்கே போய் அடிப்பது?

நம்மவர்கள் பலருக்குத் தெரியாத ஒரு விஷயம். அலிப்பூரில் பெல்வெடியர் மாளிகை வளாகத்தில் இருக்கும் தேசிய நூலகத்தில் தமிழுக்கென்று ஒரு பிரிவு உண்டு. 1954ஆம் வருடச் சட்டப்படி நாட்டில் வெளியாகும் ஒவ்வொரு புத்தகத்திலும் ஒரு பிரதி இங்கே வரவேண்டும். அதையும்விட முக்கியம், சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதியின் பதிப்பாசிரியர் வையாபுரிப் பிள்ளை வாழ்நாளெல்லாம் சேர்த்த புத்தகங்களும் ஓலைச்சுவடிகளும் இங்கேதான் இருக்கின்றன. நெல்லைச் சீமையில் வீடு வீடாகத் தேடிக் காப்பாற்றிய ஏடுகள் ஹூக்ளிக் கரையில் வந்து உட்கார்ந்திருக்கின்றன. இந்த ஊர் நூலகங்களில் யார் எதைக் காப்பாற்றுகிறார்கள் என்பது நம்முடைய கவலையும்தான்.

சரி, விஷயத்துக்கு வருவோம். புத்தகம் நனைந்தால் என்ன ஆகும்? காய வைத்தால் சரியாகிவிடும் என்றுதான் நம்மில் பெரும்பாலோர் நினைப்போம். அவ்வளவு எளிதில்லை. காகிதம் தண்ணீரைக் குடித்து உப்பும். இறுக்கமாக அடுக்கிய அலமாரியில் உப்பிய புத்தகங்கள் ஒன்றையொன்று தள்ளி அலமாரியையே வளைத்துவிடும். படம் போட்ட வழவழப்பான தாள் காய்ந்தால் பக்கங்கள் ஒட்டிக்கொண்டு ஒரே கட்டையாகிவிடும், பிறகு பிரிக்கவே முடியாது. எல்லாவற்றுக்கும் மேலே பூஞ்சை. நம்ம ஊர் வெப்பத்துக்கும் ஈரத்துக்கும் சுமார் 48 மணி நேரத்தில் பூக்க ஆரம்பித்துவிடும். அதற்குள் செய்தால்தான் காப்பாற்றுவது. அதற்குப் பிறகு செய்வதெல்லாம் பெரும்பாலும் கருமாதி.

உலகம் இதைக் கற்றுக்கொண்டது 1966 நவம்பர் 4 அன்று. இத்தாலியில் ஃப்ளாரன்ஸ் நகரத்துக்குள் ஆர்னோ ஆறு புகுந்தது. அங்கிருந்த தேசிய மைய நூலகத்தில் மட்டும் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டவை சேற்றில் மூழ்கின. எங்கெங்கிருந்தோ வந்த இளைஞர்கள் வரிசையாக நின்று கை மாற்றிக் கை மாற்றி அவற்றை வெளியே கொண்டுவந்தார்கள். புகையிலை உலர்த்தும் சூளைகளில் எல்லாம் வைத்து உலர்த்தினார்கள். அங்கே வேலை செய்த பீட்டர் வாட்டர்ஸ் என்ற ஆங்கிலேயர் பின்னால் அமெரிக்காவின் லைப்ரரி ஆஃப் காங்கிரஸுக்குப் போனார். நனைந்த புத்தகங்களை மீட்பது எப்படி என்று 1975இல் ஒரு கையேடு எழுதினார். நனைந்ததை உடனே உலர்த்த ஆள் இல்லையென்றால் உறைய வைத்துவிடு, பூஞ்சை நின்றுவிடும், பிறகு நிதானமாகப் பார்த்துக்கொள்ளலாம் என்கிற வழி அதற்குப் பிறகுதான் பரவலானது.

ஐம்பது வருடத்துக்கு முன் எழுதி வைத்த பாடம் இது. இதைத் தெரிந்துகொள்ள பி.எச்டி. எல்லாம் தேவையில்லை. அரை நாள் போதும்.

எங்கள் பேட்டையில் ஒரு சின்ன நூலகம் இருக்கிறது. பேர் வேண்டாம். தரைத்தளம், உள்ளே இறங்க இரண்டு படி. (ஏறுவதற்கு இல்லை, இறங்குவதற்கு. ரோட்டை உயர்த்திக்கொண்டே போனதில் கட்டிடம் பள்ளத்துக்குப் போய்விட்டது. நம்ம சென்னைக் கதைதான்.) 2025 மழைக்குப் பிறகு ஒருநாள் அங்கே இருக்கும் உதவியாளரிடம் பேசிக்கொண்டிருந்தேன். "ராத்திரியே தண்ணி ஏறுதுன்னு தெரிஞ்சுதே, நீங்க பக்கத்துத் தெருதானே, வந்து மேலே எடுத்து வைக்கலையா?" என்று கேட்டேன். அவர் சொன்னார்: "தாதா, சாவி நூலகர் கையிலே. அவர் வீடு பாராசாத் பக்கம். ரயில் ஓடலை. அவர் வந்து சேர்ந்தது மூணாம் நாள்."

அவரையும் குறை சொல்ல முடியாது, நூலகரையும் குறை சொல்ல முடியாது. யாரும் அவர்களுக்கு வேறு மாதிரிச் சொல்லித் தரவில்லை. இரண்டு பேரும் விதிப்படிதான் நடந்திருக்கிறார்கள். 48 மணி நேரம் மட்டும் போய்விட்டது.

இங்கேதான் ஒரு வங்கிக்காரனுக்குச் சொல்ல ஏதோ இருக்கிறது என்று நினைக்கிறேன். எங்கள் தொழிலில் சாவி என்பது ஒரு சாஸ்திரம். பெட்டகத்துக்கு இரண்டு சாவி, இரண்டு பேர் கையில். மாற்றுச் சாவி இன்னொரு கிளையில் சீல் வைத்து இருக்கும். யார் லீவில் போனாலும், யார் செத்தாலும், மறுநாள் பெட்டகம் திறக்கும். கம்ப்யூட்டர் படுத்தால் எந்த ஊரிலிருந்து வேலை நடக்கும் என்று ஒத்திகை பார்ப்போம். நாங்கள் ஒன்றும் மேதாவிகள் இல்லை. பணம் போனால் கேட்க ஆள் இருக்கிறது, அதனால் செய்கிறோம். புத்தகம் போனால் கேட்க ஆள் இல்லை.

ஆகவே நூலக ஊழியர்களுக்கான பருவநிலைப் பயிற்சி எப்படி இருக்கவேண்டும் என்று என் பட்டியல்:

1. சாவி. நடந்து வரும் தூரத்தில் குடியிருக்கும் ஒருவரிடம் மாற்றுச் சாவி இருக்கவேண்டும். அவர் கடைநிலை ஊழியராக இருந்தாலும் சரி. எந்த நிலையில் யாரையும் கேட்காமல் திறக்கலாம் என்பதை எழுத்தில் கொடுக்கவேண்டும். இல்லாவிட்டால் பயந்துகொண்டு யாரும் திறக்கமாட்டார்கள்.

2. மின்சாரம். உள்ளே கால் வைக்கும் முன் மெயினை அணைக்க வேண்டும். தரையில் நின்று எட்டாத, தண்ணீர் தொடாத உயரத்தில் மெயின் இருக்கிறதா என்று இன்றைக்கே பார்க்கவேண்டும். எந்தப் புத்தகமும் ஓர் உயிருக்குச் சமம் இல்லை. இங்கே பழைய சாக்கடையும் மழை நீரும் ஒன்றாகத்தான் ஏறி வரும், ஹூக்ளியில் அலை ஏறும் நேரத்தில் மதகை மூடிவிட்டால் வடியவும் வடியாது. ஆகவே கையுறையும் ரப்பர் பூட்ஸும் நூலகத்தின் சொந்தச் சாமான்களாக இருக்கட்டும்.

3. முதலில் எது? ராத்திரி இரண்டு மணிக்கு இரண்டு பேர் சேர்ந்து நூறு புத்தகம்தான் தூக்க முடியும் என்றால் எந்த நூறு? அதை வெயில் காலத்தில் உட்கார்ந்து முடிவு செய்யவேண்டும். வேறெங்கும் கிடைக்காத உள்ளூர்ப் பத்திரிகை, அன்பளிப்பாக வந்த பழைய பதிப்பு, பிறகு நூல் வரவுப் பதிவேடு. எங்களுக்கு லெட்ஜர் மாதிரி அது. அது போய்விட்டால் என்ன இழந்தோம் என்று இன்சூரன்ஸ்காரரிடம் சொல்லக்கூட ஆதாரம் கிடையாது. அதன் நகல் வேறு கட்டிடத்தில் இருக்கவேண்டும்.

4. கீழ்த்தட்டு. தரையிலிருந்து ஒரு முழ உயரத்துக்குக் கீழே புத்தகமே இருக்கக்கூடாது. வரிச் சலுகையும் வேண்டாம், வெளிநாட்டு நிபுணரும் வேண்டாம், ஒரு தச்சர் போதும்.

5. ஒத்திகை. இதுதான் பயிற்சியின் உயிர். பழைய பேப்பர் கடையில் பத்துக் கிலோ புத்தகம் வாங்கி, தொட்டியில் ஒரு நாள் ஊறப்போட்டு, ஊழியர்கள் கையில் கொடுங்கள். நனைந்த புத்தகத்தை விரித்துப் பார்க்கக்கூடாது, இழுக்கக்கூடாது, முதுகு கீழே இருக்கும்படி பிளாஸ்டிக் கூடையில் தளர்வாக அடுக்க வேண்டும், இடையிடையே அச்சில்லாத தாள் வைக்க வேண்டும், மின்விசிறிக் காற்று வேண்டும், சுள்ளென்ற வெயில் கூடாது. இதையெல்லாம் ஸ்லைடில் படித்தால் மறுநாள் மறந்துவிடும். கையால் ஒருமுறை செய்தால் மறக்காது.

6. குளிர். ஹூக்ளி மாவட்டத்தில் உருளைக்கிழங்குக் கிடங்குகள் ஏராளம். கடன் கொடுத்த வகையில் எங்கள் தொழிலில் எல்லோருக்கும் பரிச்சயம். அங்கே 2 முதல் 4 டிகிரி வரை இருக்கும், பூஞ்சையைத் தள்ளிப்போடலாம், நிறுத்த முடியாது. முழுக்க நிறுத்த மைனஸ் 18 வேண்டும், அது இறால் ஏற்றுமதி செய்கிற இடங்களிலும் ஐஸ்க்ரீம் கிடங்குகளிலும் இருக்கிறது. இப்போதே ஒருவரோடு பேசி, வாடகை நிர்ணயித்து, போன் நம்பரைச் சுவரில் ஒட்டி வையுங்கள். வெள்ளம் வந்த அன்று பேரம் பேச முடியாது. (ஓலைச்சுவடிக்கும் பழைய புகைப்படத்துக்கும் இது பொருந்தாது. அவற்றுக்கு நிபுணரைக் கேட்கவேண்டும், அந்த நிபுணரின் நம்பரும் சுவரில் இருக்கட்டும்.)

இதில் பனிக்கரடி எங்கேயாவது வந்ததா? வரவில்லை. பனிக்கரடி மேல் எனக்கு விரோதம் எதுவும் கிடையாது. ஆனால் பூமி ஏன் சூடாகிறது என்று ஊழியருக்குச் சொல்லிவிட்டு, ராத்திரி என்ன செய்யவேண்டும் என்று சொல்லாமல் விட்டால், அவருக்குக் கிடைத்தது பயிற்சி இல்லை, கவலை.

வெள்ளத்தைப் பற்றியே பேசிவிட்டேன், வெயிலையும் சேர்க்கவேண்டும். 2024 ஏப்ரல் 30 அன்று இங்கே 43 டிகிரி. வங்காளிகள் பாத்ர மாத வெயிலில் துணிமணி, ரஜாய், புத்தகம் எல்லாவற்றையும் மாடியில் பரப்பி உலர்த்துவார்கள். மழைக்காலத்து ஈரம் போக நல்ல வழி. இப்போது அந்த மாதத்தில் வெயிலை நம்பி விரிக்க முடியவில்லை, வெயில் வேறு மாதத்தில் வந்து ஆளைக் கொல்கிறது. சூடும் ஈரமும் சேர்ந்தால் காகிதம் வேகமாகக் கிழடு தட்டும். காற்றில் ஈரப்பதம் 65, 70 விழுக்காட்டைத் தாண்டினால் வெள்ளம் இல்லாமலே பூஞ்சை வரும். ஈரப்பதம் காட்டும் சின்ன மீட்டர் ஒன்றை வாங்கி, தினம் எழுதி வைக்கப் பழக்குவது பயிற்சியின் இன்னொரு பாதி. கூடவே, அந்த வெயிலில் வீட்டில் மின்விசிறியும் இல்லாமல் நூலகத்துக்கு வந்து உட்காரும் பெரியவர் மயங்கினால் என்ன செய்வது என்பதும். நூலக ஊழியர் புத்தகத்துக்கு மட்டும் காவல் இல்லையே.

இனி வழக்கமான ஆட்சேபணைகள்.

"எல்லாம்தான் டிஜிட்டல் ஆகிவிட்டதே." ஆகவில்லை. அரிய நூல்களில் கொஞ்சம் ஆகியிருக்கிறது, பேட்டை நூலகத்தில் இருக்கும் உள்ளூர் இதழை யார் ஸ்கேன் செய்தார்கள்? செய்தாலும் அந்த ஹார்டு டிஸ்க் அதே தரைத்தளத்தில் மேஜைக்குக் கீழேதான் இருக்கும், பந்தயம் கட்டுகிறேன்.

"பயிற்சி கொடுக்க ஆள் எங்கே?" இந்தக் கேள்வியை வேறு எந்த ஊரில் கேட்டாலும் நியாயம். கொல்கத்தாவில் கேட்கக்கூடாது. தேசிய நூலகம் இங்கே. நாடு முழுக்கப் பொது நூலகங்களுக்கு உதவி செய்யும் ராஜா ராம்மோகன் ராய் நூலக அறக்கட்டளை 1972இல் தொடங்கியது, அதன் தலைமையகமும் இங்கேதான். 2014இல் தொடங்கிய தேசிய நூலக இயக்கத்தில் ஊழியர்களின் திறன் வளர்ப்பு என்று ஒரு பகுதியே உண்டு, அதை நடத்தும் பொறுப்பு இந்த அறக்கட்டளையிடம். ஆக வகுப்பறை இருக்கிறது, மாணவர்களைக் கூப்பிடும் அதிகாரமும் இருக்கிறது. ஒரு தண்ணீர்த் தொட்டியும் பத்துக் கிலோ பழைய புத்தகமும் மட்டும் சேர்த்தால் போதும்.

"பணம்?" மேற்கு வங்க நூலகச் சட்டம் 1979இல் வந்தது, நூலக வரி கிடையாது, எல்லாம் அரசு மானியம். நம்ம ஊரில் 1948லேயே சட்டம், சொத்து வரியில் ரூபாய்க்கு 10 பைசா நூலக வரி. வீடு வைத்திருக்கிற ஒவ்வொருவரும் கட்டுகிறோம். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியதைப் பார்த்த பிறகும், கட்டுகிற வரியில் ஒரு துளி இதற்குப் போகிறதா என்று நாம் கேட்காவிட்டால் எப்படி? கூடை, கையுறை, தாள், மின்விசிறி, மீட்டர் எல்லாம் சேர்த்து ஒரு கிளை நூலகத்துக்குச் சில ஆயிரங்களில் முடிகிற கணக்கு இது. ஒரு திறப்பு விழாவின் மாலைச் செலவு.

ஆனால் எனக்கே பதில் தெரியாத ஆட்சேபணை ஒன்று உண்டு: ஆளே இல்லையே, யாருக்குப் பயிற்சி? இந்த மாநிலத்தில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட அரசு, அரசு உதவி நூலகங்கள். ஒரே நூலகர் இரண்டு மூன்று நூலகங்களைச் சுமப்பதாகச் செய்தித்தாள்களில் வருடக்கணக்காக வருகிறது. நம்ம ஊர் ஊர்ப்புற நூலகங்களிலும் நிலைமை ரொம்ப ஒசத்தி இல்லை. மூன்று நூலகத்துக்கு ஒருவர் என்றால், வெள்ளம் மூன்றுக்கும் ஒரே ராத்திரியில்தான் வரும். அவர் எங்கே ஓடுவார்? காலி இடங்களை நிரப்பாமல் பயிற்சி மட்டும் நடத்துவது, டிரைவர் இல்லாத பஸ்ஸுக்கு ஹார்ன் மாட்டுவது போல. இரண்டையும் சேர்த்துத்தான் கேட்கவேண்டும். இருந்தாலும், நிரப்புகிற வரை காத்திருக்கலாம் என்று சொல்லவும் எனக்கு மனம் வரவில்லை. மழை காத்திருக்காது. அதுவரை அந்தப் பேட்டையில் நூலகத்துக்குத் தினம் வருகிற நாலு வாசகர்களைச் சேர்த்துக்கொண்டு ஒத்திகை பார்க்கலாம். ஃப்ளாரன்ஸில் சேற்றுக்குள் நின்றவர்கள் யாரும் சம்பளத்துக்கு வந்தவர்கள் இல்லை.

அதனால் ஒரு வேண்டுகோள். நீங்கள் எந்த ஊரில் இருந்தாலும், அடுத்த முறை உங்கள் பக்கத்து நூலகத்துக்குப் போகும்போது மூன்று கேள்வி மட்டும் கேளுங்கள். மழை ராத்திரியில் சாவி யாரிடம் இருக்கும்? முதலில் எந்தப் புத்தகத்தைத் தூக்குவீர்கள்? பதிவேட்டின் நகல் எங்கே இருக்கிறது? குற்றம் கண்டுபிடிக்கிற தொனியில் வேண்டாம், டீ சாப்பிட்டுக்கொண்டே கேளுங்கள். பதில் இருந்தால் சந்தோஷம். இல்லாவிட்டால், கேட்டதாலேயே அவர்கள் யோசிக்க ஆரம்பிப்பார்கள். அடுத்த மழைக்கு முன்னால் கேட்டுவிடுங்கள்.